ஆண்டாய்வில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்கும்போது சாவிக்கொத்து, பீரோ, பதிவேடுகள், தளவாடங்கள் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வந்து நடத்தும் ஆண்டாய்வு எப்படி நடக்கும், அவர் எந்த நோட்டை முதலில் கேட்பார், எந்தப் பிள்ளையை எழுப்பிப் படிக்கச் சொல்வார் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை. முதல் ஆண்டாய்வைத் தனியாகச் சந்தித்த பலருக்கும் இந்த ஆதங்கம் உண்டு, எனக்கும் உண்டு. கடைசி வாரத்துப் பயம், தூக்கம் கெட்ட இரவுகள், கைக்காசு, பிள்ளைகள் இழந்த பாடவேளைகள் எல்லாம் பெரும்பாலும் தேவையற்றவை என்பது ஆய்வு முடிந்த பிறகுதான் தெரிகிறது. அதனால் ஆய்வு நடக்கும் அதே வரிசையில், எது பார்க்கப்படும், எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்று எழுதுகிறேன். ஒன்று முதல் மூன்று வரை ஒருவர், நான்கும் ஐந்தும் இன்னொருவர் என்று ஓடும் ஈராசிரியர் பள்ளியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பள்ளிக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வேலைக்காக வருவதில்லை. வட்டார வளமையத்திலிருந்து வரும் ஆசிரியர் பயிற்றுநர் பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு பாடவேளையைக் கவனித்துச் செயலியில் பதிவு செய்வார். திடீர்ப் பார்வைக்கு வரும் அலுவலர் வருகையையும் உணவையும் பார்த்துவிட்டுப் பார்வையாளர் பதிவேட்டில் நான்கு வரி எழுதிவிட்டுப் போவார். தேதி முன்கூட்டியே சொல்லி, படிவம் நிரப்பச் சொல்லி, காலை முதல் மாலை வரை நடப்பதுதான் ஆண்டாய்வு. 2018 வரை உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்றிருந்த பதவி இப்போது வட்டாரக் கல்வி அலுவலர். ஊரில் பெரியவர்கள் இன்னும் ஏ.இ.ஓ. வருகிறார் என்றுதான் சொல்கிறார்கள். பெயரும் படிவமும் மாறினாலும் பார்க்கும் முறை பெரிதாக மாறவில்லை.

அனுபவமுள்ள அலுவலர் வந்ததும் நாற்காலியில் உட்கார மாட்டார். நேரே வகுப்புக்குப் போய்த் தலைகளை எண்ணுவார். அதன் பிறகுதான் மாணவர் வருகைப் பதிவேட்டைக் கேட்பார். அடுத்து டி.என்.எஸ்.இ.டி. என்ற பள்ளிக் கல்வித் துறைச் செயலியில் அன்று பதிவான வருகை, அதற்கடுத்து காலை உணவுக்கும் சத்துணவுக்கும் கொடுத்த எண்ணிக்கை. இந்த நான்கும் ஒத்துப்போனால் அன்றைய ஆய்வின் பாதிச் சுமை இறங்கிவிட்டது. ஒத்துப்போகாவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் காட்டும் ஒவ்வொரு தாளும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும். யாரும் பொய் எழுத வேண்டும் என்று நினைக்காத பள்ளியிலும் இந்த எண்கள் பிசகும். தாமதமாக வந்த பிள்ளைக்குப் பதிவேட்டில் வருகை போட்டுவிட்டுச் செயலியில் திருத்த மறந்திருப்போம். நெட்வொர்க் இல்லாததால் காலையில் போட்ட பதிவு மேலே ஏறியிருக்காது. காலை உணவு சாப்பிட்ட பிள்ளை வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போயிருக்கும். சத்துணவு அமைப்பாளர் அவசரத்தில் நேற்றைய எண்ணையே எழுதியிருப்பார். இதற்கு ஒரே வழி வரிசையை மாற்றாமல் இருப்பது. முதலில் பெயர் கூப்பிட்டுப் பதிவேடு, உடனே செயலி, அடுத்து அன்றைய எண்ணிக்கையைத் தகவல் பலகையில் எழுதுவது, அதே எண்ணைத் துண்டுச் சீட்டில் கையெழுத்திட்டுச் சமையலறைக்கு அனுப்புவது. நடுவில் ஒரு பிள்ளை வெளியே போனால், யார் வந்து அழைத்துப்போனார்கள் என்று ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பிற்பகல் வருகையை மதிய மணி அடித்ததும் எடுத்துவிடுங்கள். மாலையில் மொத்தமாகப் போடுவதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை.

அரிசிக் கணக்கும் இதே எண்ணைத்தான் பிடித்துத் தொங்குகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் அரிசி. 48 பேர் சாப்பிட்டால் 4.8 கிலோ. அலுவலர் கடைசியாக மூட்டை வந்த தேதியிலிருந்து பெருக்கிப் பார்த்துவிட்டு, இருப்பு மூட்டையை நிறுத்துக் காட்டச் சொல்லலாம். தினமும் ஐந்து பேர் கூடுதலாக எழுதினால் நாளொன்றுக்கு அரைக் கிலோ, இருபது வேலை நாளில் பத்துக் கிலோ ஏட்டுக்கும் மூட்டைக்கும் இடையில் வந்து நிற்கும். இருப்பு அமைப்பாளரின் பொறுப்பு என்றாலும் எண்ணிக்கையில் கையெழுத்து தலைமை ஆசிரியருடையது. எனவே வாரம் ஒருமுறையாவது தராசை நீங்களே போய்ப் பாருங்கள். பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திடும் பதிவேட்டில் ஒரு மாதத்துக்கும் ஒரே பேனாவில் 'சுவை நன்று' என்று எழுதியிருந்தால் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். உப்பு கூடியிருந்த நாளில் உப்பு கூடியிருந்தது என்றே எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் மற்ற வரிகளை நம்ப வைக்கும்.

பதிவேட்டில் பெயர் இருந்து பிள்ளை இல்லாத நிலைதான் உண்மையான வேதனை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியாளர் நிர்ணயம் நடக்கும். 61-ல் நிற்கும் பள்ளியில் ஒரு குடும்பம் செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போய்விட்டால், கூடவே ஓர் ஆசிரியரும் உபரி என்று கணக்காகிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார் என்ற அச்சம் வருகிறது. அந்த அச்சம் நியாயமானது. மூன்றாவது ஆசிரியர் போனால் அடிபடுவது பிள்ளைகள்தான். ஆனால் அலுவலருக்கும் இந்த எல்லைக்கோடு தெரியும். 61, 62, 91 என்று பட்டியலில் நிற்கும் பள்ளிகளில் அவர் தலை எண்ணுவது மட்டுமின்றி, வராத பிள்ளையின் வீடு எந்தத் தெரு என்றும் கேட்பார். வராத பிள்ளைக்கு வருகை போடாதீர்கள். மாறாக, தொடர்ந்து வராமல் இருப்பது தெரிந்தவுடன் வீட்டுக்குப் போய், போன தேதி, சந்தித்தவர், அவர் சொன்ன காரணம் மூன்றையும் எழுதுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெயரைச் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றுங்கள். வட்டார வளமையத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். குடும்பம் இடம் மாறியது உறுதியானால், மாணவர் விவரங்கள் இருக்கும் எமிஸ் இணையத் தளத்தில் அந்தப் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுங்கள், போன ஊர்ப் பள்ளி எடுத்துக்கொள்ளட்டும். நீங்கள் விடாமல் வைத்திருந்தால் அந்தப் பிள்ளை அங்கே புத்தகம் இல்லாமல், பெயர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கைக்காக ஒரு குழந்தையைக் கணினியில் பிடித்து வைப்பது அதன் படிப்பைப் பிடித்து வைப்பதுதான்.

சேர்க்கைப் பதிவேட்டில் தேடப்படுபவை மூன்று: பெயர், பிறந்த தேதி, அடித்தல் திருத்தல். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து, எமிஸில் இன்னொரு எழுத்து என்று இருப்பது சாதாரணம். சேர்க்கையன்றே பெற்றோரை உட்காரவைத்து மூன்றையும் ஒப்பிட்டுவிட்டால் பத்து நிமிட வேலை, ஐந்தாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் கேட்கும்போது கண்டுபிடித்தால் பல நாள் அலைச்சல். 2021 டிசம்பருக்குப் பிறகு பெயருக்கு முன்வரும் முதலெழுத்தையும் (இனிஷியல்) தமிழிலேயே எழுத வேண்டும் என்பதால் பழைய பக்கங்களைப் பார்த்து அப்படியே தொடராதீர்கள். பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சேர்த்துக்கொண்டு சான்றுக்கு உதவுங்கள். பிறந்த தேதியில் வெள்ளை மை தடவியிருந்தால் அலுவலர் கடுமையாகவே எழுதுவார். இந்த வரியில் இருக்கும் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரைக்கும் போகிறது, அங்கிருந்து வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. அதனால் அந்தக் கடுமை எனக்கு நியாயமாகவே படுகிறது.

மற்றப் பதிவேடுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து அன்றன்றைக்கு வந்த நேரத்தோடு இருக்க வேண்டும். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். விடுப்புப் பதிவேட்டின் கழித்தலும் வருகைப் பதிவேட்டின் குறியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போனால் இயக்கப் பதிவேட்டில் புறப்பட்ட நேரம் வேண்டும். விலையில்லாப் புத்தகம், நோட்டு, சீருடை, காலணி, பை எல்லாவற்றுக்கும் வந்த எண்ணிக்கை, கொடுத்தது, மீதி, பெற்றோர் கையெழுத்து. இங்கே தவறுவது பெரும்பாலும் மீதியில்தான். அளவு சரியில்லாத காலணிகள் ஒரு மூலையில் பையில் கிடக்கும், ஏட்டில் வழங்கியதாக இருக்கும். மீதியை மீதி என்றே எழுதிவிட்டால் கேள்வியே இல்லை.

இனி வகுப்பறை. ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது, பயமும் இங்கேதான் அதிகம். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் தொடங்கிய பிறகு பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகக் கற்றல் நிலையால் பிரித்துக் கற்பிக்கிறோம். அலுவலர் செயலியில் இருக்கும் பட்டியலைத் திறந்து, மலர் நிலையில் உள்ள ஒரு பெயரைக் கூப்பிடுவார். ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறினால், நிலை தாளில் மட்டும் ஏறியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அரும்பில் இருப்பதாகக் காட்டிய பிள்ளை சொற்களை வாசித்தால் அது உங்களுக்குப் பெருமை. ஆகவே சந்தேகம் இருந்தால் நிலையை உயர்த்தாதீர்கள். ஓர் அரும்புப் பிள்ளைக்கு மலர் நிலைப் பயிற்சி நூலைக் கொடுத்தால் ஆண்டு முழுவதும் அது பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதியே கழித்துவிடும்.

வாசிப்பில் எங்கே தடுக்கும் என்பது ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். உகர ஊகார வரிசையில் கு, டு, து, பு, ரு ஒவ்வொன்றுக்கும் வடிவம் வேறு என்பதால் மற்ற வரிசைகளை ஓட்டமாகப் படிக்கும் பிள்ளை அங்கே நிற்கும். கெ, கே, கொ, கோ வேறுபாட்டில் குறிலும் நெடிலும் கலந்துவிடும். சொல்வதை எழுதச் சொன்னால் ல, ள, ழவும் ன, ணவும் ர, றவும் மாறும். பெரும்பாலான அலுவலர்கள் ஐந்து முதல் பத்துச் சொல் சொல்லி இதைத்தான் சோதிப்பார்கள். தினமும் காலையில் ஐந்து சொற்கள், இந்த எழுத்துகள் வரும்படி பொறுக்கியெடுத்துச் சொல்லி எழுதவைத்து, பிழையான சொல்லை மட்டும் பிள்ளை மறுபடி மூன்று முறை எழுதினால் ஒரு பருவத்தில் மாற்றம் தெரியும். கணக்கில் நானூற்று ஏழை 4007 என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள், தொள்ளாயிரத்தில் ஆயிரம் காதில் விழுவதால் 9000 என்று எழுதுகிறவர்கள் அதைவிட அதிகம். இடமதிப்புப் பெட்டியில் குச்சிக்கட்டுகளை வைத்துக் காட்டாமல், வாயால் சொல்லி மட்டும் இது சரியாகாது. அடுத்த இடறல் கடன் வாங்கிக் கழித்தல், அதிலும் 500-லிருந்து 268 போல நடுவில் சுழியம் வரும் கணக்கு. நான்காம், ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் போடச் சொல்லப்படுவது அநேகமாக இந்த மாதிரிக் கணக்கும், மூன்றிலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுப்பதும்தான்.

நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகளை முன்னால் உட்காரவைப்பது, மெதுவாகக் கற்பவரை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று ஒரு பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பிரிட்டிஷார் காலத்தில் சென்னை மாகாணத்தில், இன்ஸ்பெக்டர் வைத்த தேர்வில் தேறிய பிள்ளைகளின் கணக்குப்படி பள்ளிக்கு மானியம் கொடுத்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பயத்தின் மிச்சம் இது என்று நினைக்கிறேன். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வீட்டிலேயே இரு என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு அது ஏன் என்று நன்றாகவே தெரியும், அந்த வலி ஆய்வு முடிந்தாலும் போகாது. ஆய்வுக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் வீண் வேலைதான். அலுவலர் செயலிப் பட்டியலில் உள்ள பெயரையோ வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணையோ சொல்லித்தான் எழுப்புவார், முன்வரிசையை அவர் பார்ப்பதே இல்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளையைப் பற்றி, ஜூனில் எழுத்து தெரியாது, இப்போது இரண்டெழுத்துச் சொல் வாசிக்கிறான், இதோ அவன் நோட்டு என்று காட்டினால் அதைக் குறையாக எழுதும் அலுவலர் மிகக் குறைவு.

தெரிந்த பிள்ளையும் புதிய முகத்தின் முன்னால் வாயே திறக்காமல் நிற்பது இன்னொரு சிக்கல். கிராமத்துப் பிள்ளைக்குச் சட்டையைச் செருகிக்கொண்டு வந்து நிற்கும் ஒருவர் வேற்றாள்தான். மேலாண்மைக் குழு உறுப்பினர், ஊரில் ஓய்வுபெற்று இருக்கும் ஒருவர், செவிலியர் என்று மாதம் ஒருவரை வரவழைத்து, ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குரல் எழும்பிவிடும். ஆய்வன்று ஆசிரியர் பக்கத்தில் நின்று முதல் எழுத்தை எடுத்துக்கொடுப்பதையும் விட்டுவிட வேண்டும். பிள்ளை வாசகத்தை விட்டுவிட்டு ஆசிரியர் வாயையே பார்க்கத் தொடங்கிவிடும்.

நோட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் ஆண்டு முழுவதற்குமான நோட்டுகளையும் எடுத்துச் சிவப்பு மையில் சரி போட்டுத் தள்ளும்போது, தவறான விடைக்கும் சரி விழுந்துவிடும். திருத்தாத பக்கத்தைவிட இது பெரிய குறை. திருத்தாததற்கு ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்லலாம், தவறுக்குச் சரி போட்டதற்கு எதையும் சொல்ல முடியாது. ஈராசிரியர் பள்ளியில் எல்லா நோட்டையும் தினமும் பார்ப்பது நடக்காத காரியம். நாளுக்கு ஒரு பாடம், ஒரு வகுப்பு என்று கிழமை வகுத்துக்கொண்டு, தேதியோடு கையெழுத்திட்டு, பிள்ளை தன் கையால் செய்த திருத்தம் அடியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலுவலர் தேடுவது அந்தத் திருத்தத்தைத்தான்.

பணத்துக்கு வருவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி பள்ளி மானியம் 30 பிள்ளைகள் வரை ரூ.10,000, 31 முதல் 100 வரை ரூ.25,000. இதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். பணம் எந்த மாதம் வரும் என்பது நம் கையில் இல்லை, ஆய்வோ வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் தலைமை ஆசிரியரின் சம்பளப் பணம் வண்ணமாகவும் சார்ட்டாகவும் பூட்டாகவும் கரைகிறது. சுவருக்கு வண்ணம் அடித்ததற்காக ஆய்வு அறிக்கையில் நல்ல பெயர் வாங்கிய பள்ளியை நான் அறியேன். கடையில் வாங்கிய பளபளப்பான சார்ட்டைவிடப் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதி ஒட்டிய சொல்லட்டைகள்தான் மதிக்கப்படுகின்றன. தவிர்க்க முடியாமல் கைக்காசைப் போட்டால், பின்னால் மானியத்தில் ஈடுகட்டலாம் என்று நம்பாதீர்கள். பணம் விற்பனையாளர் கணக்குக்கு நேரடியாகப் போகும் முறையில் உங்கள் கையில் இருக்கும் பழைய ரசீது உதவாது. செலவைச் சரிபார்க்கும்போது நான்கு தாள்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: மேலாண்மைக் குழுத் தீர்மானம், ரசீது, பணப்பதிவேட்டு வரவு செலவு, இருப்புப் பதிவேட்டில் அந்தப் பொருள். இதில் தீர்மானத்தின் தேதி ரசீதுத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். தணிக்கையில் சிக்கும் பள்ளிகளில் பல பணத்தைத் தின்றவை அல்ல, இந்தத் தேதியைத் தலைகீழாக எழுதியவை.

கட்டடத்தைப் பார்க்கும்போது அலுவலரின் முகம் இறுகுவதற்குக் காரணம் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு வகுப்பறைக்குக் கீற்றுக்கூரை கூடாது என்றானது. சமையலறை வகுப்பறையை ஒட்டி இருக்கிறதா, எரிவாயு உருளை எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அன்றிலிருந்து கூர்ந்து பார்க்கப்படுகிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழுதான கட்டடங்கள் மீதும் அதே கண். ஒன்றியப் பள்ளியின் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், நாம் இடிக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. ஆனால் எழுதலாம். விரிசலைத் தேதியோடு படம் எடுத்து, குழுத் தீர்மானத்தை இணைத்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு மனுவும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகலும் கொடுத்து, இரண்டிலும் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த அறையைப் பூட்டி, பிள்ளைகள் அருகே போகாதபடி கயிறு கட்டுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் மேலாண்மைக் குழுத் தலைவரே எழுந்து கேட்டால், தலைமை ஆசிரியர் ஐந்து முறை எழுதுவதைவிட விரைவாக வேலை நடக்கிறது. கழிப்பறையில் தண்ணீர், வாளி, உள்தாழ்ப்பாள், பெண் பிள்ளைகள் பக்கத்துச் சாவி யாரிடம் என்பது - இவை நான்கும் சரியாக இருந்தால் போதும்.

மாலையில் அலுவலர் ஆசிரியர்களை உட்காரவைத்துப் பேசுவார். எதிர்த்துப் பேசவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட விவரம் இருந்தால் அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள். எழுத்தில் வந்த பிறகு மாற்றுவது கடினம். ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்ததால் ஐந்து வகுப்புக்கும் ஒருவரே இருந்தார் என்றால், அந்த நாளின் ஆணையைக் கையில் கொடுத்து அதையும் குறிப்பில் சேர்க்கக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

அறிக்கை கைக்கு வந்ததும் அதை மூன்றாகப் பிரியுங்கள்: ஒரு வாரத்தில் நீங்களே முடிக்கக்கூடியவை, பிள்ளைகளின் கற்றல் சார்ந்து ஒரு பருவம் ஆகக்கூடியவை, வேறு துறை செய்ய வேண்டியவை. பதில் அறிக்கையில் 'சரி செய்யப்படும்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரி எழுதுவதுதான் வழக்கமாக நடக்கிறது, அதை அலுவலகத்தில் யாரும் மதிப்பதில்லை. முடித்ததற்கு முடித்த தேதி, முடியாததற்கு மனுவின் தேதி, வாசிக்கத் திணறிய பிள்ளைகளுக்குப் பெயர் வாரியாக இப்போதைய நிலை என்று எழுதுங்கள். இடையில் அலுவலர் மாறுதலாகிப் போய்விடுவார். அடுத்து வருகிறவர் உங்களைத் தெரிந்துகொள்ளப் புரட்டுவது போன ஆண்டின் ஆய்வு அறிக்கையையும் அதற்கு நீங்கள் கொடுத்த பதிலையும்தான், ஆகையால் இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கட்டி மேசையின் முதல் இழுப்பறையிலேயே வையுங்கள்.